டென்மார்க் திருடனுக்கு வைரக்கண்ணு மாமாவின் குரல்

விசில் ஊதியது நான்தான் அக்கா. அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கண்டக்டர் முன் படிக்கட்டில் நின்று டிக்கெட் கிழிக்கிறார். விசில் பின்னாலிருந்து கேட்கிறது. டிரைவர் சடாரென்று பிரேக் போடுகிறார். வெளியே பார்த்தால் ஸ்டாப்பும் கிடையாது, ஆளும் கிடையாது, ஒரு எருமை நின்று நம்மைப் பார்க்கிறது. அந்த எருமையின் முகத்தைப் பார்த்தீர்களா? ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். சிரிக்காதீர்கள் அக்கா, திரும்பிப் பார்க்கிறார்.

"யாரு? யாருன்னு கேக்குறேன்ல? இது கவர்மெண்டு வண்டியா, உங்க வீட்டுத் தொட்டிலா? டிரைவரண்ணே, இனிமே விசிலுக்கு நிறுத்தாதீங்க. நான் வாயால சொன்னாத்தான் நிறுத்தணும்."

எப்படி? இப்போது அவர் கத்தியதை அப்படியே சொன்னேன், அவரே பேசின மாதிரி இல்லை? அந்த "தொட்டிலா"வில் மூக்கு கொஞ்சம் அடைக்க வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? உதடு அசைந்துவிட்டதா? அசையாமல் ஊத ரெண்டு வருஷமாகப் பழகுகிறேன்.

என் பெயர் கெசியா. தரங்கம்பாடி. பிளஸ் டூ எழுதிவிட்டேன். மயிலாடுதுறையில் இறங்கி மூன்று மணி ரயிலில் சென்னை போகிறேன். தனியாக இல்லை, தியோடர் சார் ஸ்டேஷனில் டிக்கெட்டோடு நிற்பார். நாளைக்குச் சாயங்காலம் சென்னையில் ஒரு பெரிய அரங்கத்தில் டென்மார்க் படம் ஒன்று போடுகிறார்கள். சிரிப்புப் படம். ஓவியத் திருட்டைப் பற்றி. அதற்கு மைக்கில் தமிழ்க் குரல் கொடுக்கப்போவது நான். எல்லாப் பாத்திரத்துக்கும் நான் ஒருத்தியே. திருடன், திருடன் பெண்டாட்டி, மியூசியம் முதலாளி, போலீஸ், ஒரு மாடு, எல்லாம்.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். இருக்கிறேன். ஆனால் ஒருத்தர் என்னிடம் பேச மாட்டேன் என்கிறார் அக்கா. அதுதான் ஒரு மாதிரி இருக்கிறது. வைரக்கண்ணு மாமா என்று பெயர். சொந்தமெல்லாம் இல்லை, எங்கள் தெருக்காரர். அந்த மனுஷனை ஊரே கொண்டாடும்படி செய்தது நான். நான் மட்டும்தான். அவர் என்னைப் பார்த்து விசில் ஊதுகிறார். நிஜ விசில். வாயில் வைத்து ஊதுகிற விசில். அந்தக் கதையைக் கேளுங்கள், யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் டென்மார்க்காரர்கள் இருந்தார்கள், தெரியும்தானே? கோட்டைக்கு எல்லோரும் வருகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போகிறார்கள். கோட்டை இல்லை நான் சொல்வது. உள்தெருவில் ஒரு பழைய வீடு இருக்கிறது. தனியார் டிரஸ்ட் வீடு. மூன்று அறை, பத்துப் பன்னிரண்டு பீங்கான் தட்டு, ஒரு துருப்பிடித்த தராசு, ஒரே ஒரு ஓவியம். கறுப்பு கவுன் போட்ட ஒரு அம்மா, மடியில் ஒரு குட்டி நாய். ஊரில் அந்த வீட்டுக்கே நாய்க்காரம்மா வீடு என்றுதான் பெயர். டிரஸ்டுக்குச் செயலாளர் தியோடர் சார். வாட்ச்மேன், டிக்கெட் கொடுப்பவர், பெருக்குபவர், சுற்றிக் காட்டுபவர் எல்லாம் வைரக்கண்ணு மாமா. பத்தொன்பது வருஷமாக.

வருகிறவர்களிடம் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். முதலில் தொண்டையைச் செருமுவார். க்ஹும். அது சாதாரணச் செருமல் இல்லை, மேலிருந்து கீழே இறங்குகிற செருமல், மாட்டுவண்டி பள்ளத்தில் இறங்குவது மாதிரி. "க்ஹும். விஷயம் என்னன்னா, இந்த அம்மா யாரையும் பாக்காது. பெரிய இடத்துப் பொம்பள, நம்மள எதுக்குப் பாக்கப்போவுது? ஆனா நாய் பாக்கும். நீங்க இந்த மூலைக்குப் போங்க, பாக்கும். அந்த மூலைக்குப் போங்க, பாக்கும். நல்ல நாய். கை வைக்காதீங்க, கடிக்காட்டியும் சார் கடிப்பாரு."

பத்தொன்பது வருஷமும் இதே வசனம். ஒரு எழுத்து மாறாது. வெள்ளைக்காரர் வந்தாலும் தமிழில் இதையேதான் சொல்வார், அவர்களும் மூலை மூலையாகப் போய் நின்று தலையாட்டுவார்கள். நான் ஆறாவது படிக்கும்போதே இந்தக் குரலைப் பிடித்துவிட்டேன். நான் பிடித்த முதல் ஆம்பிளைக் குரல் இதுதான். அந்தச் செருமல் எனக்கு எப்படிப் பழகிவிட்டது என்றால், இப்போது பல் தேய்க்கும்போதுகூட வருகிறது. பயமாக இருந்தால் வருகிறது. கெமிஸ்ட்ரி பரீட்சை முழுவதும் வந்தது. மேற்பார்வைக்கு வந்த மிஸ் தண்ணி கொடுத்தார்கள்.

ஜனவரியில் டென்மார்க்கிலிருந்து ஒரு நட்புச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். வருஷா வருஷம் வருவார்கள். இந்தத் தடவை ஒரு படம் கொண்டுவந்தார்கள். ஊர் ஜனத்துக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம். டேனிஷ் பேச்சு, கீழே இங்கிலீஷ் எழுத்து. எங்கள் ஊரில் யார் அதைப் படித்துக்கொண்டே படம் பார்ப்பார்கள்? தியோடர் சார் உட்கார்ந்து முழுப் படத்துக்கும் தமிழில் வசனம் எழுதினார். நாற்பத்திரண்டு பக்கம். பள்ளி ஆண்டு விழாவில் நான் மிமிக்ரி செய்ததைப் பார்த்திருந்ததால் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளாய், நீ ஒலிவாங்கியின் முன் நின்று இதனை உரிய பாவத்தோடு வாசித்தால் போதுமானது" என்றார். அவர் பேசுவதே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் மாதிரி.

படத்தில் கதை என்னவென்றால், ஒரு சின்ன ஊர், ஒரு சின்ன மியூசியம். அங்கே ஒரு காவல்காரன், நெடுநெடுவென்று, கழுத்து மட்டும் ஒரு முழம். சுவரில் ஒரு மாட்டு ஓவியம். அதை அவனே திருடிவிடுகிறான். கோட்டுக்குள் முதுகில் கட்டிக்கொண்டு வெளியே வருகிறான். அப்புறம் குனிய முடியவில்லை, உட்கார முடியவில்லை. சைக்கிளை நின்றுகொண்டே மிதிக்கிறான். கல்யாண விருந்துக்குப் போய் நின்றுகொண்டே சாப்பிடுகிறான். ஒவ்வொருவரும் வந்து "உட்காரேன், உட்காரேன்" என்கிறார்கள். அது ஒரு அரை மணி நேரம்.

ஹால் நிறைந்திருந்தது அக்கா. படம் தொடங்கியது. மியூசியம் முதலாளி திரையில் வாயைத் திறக்கிறார். நான் வாசிக்கிறேன், "அந்தோ! ஓவியத்தைக் காணவில்லையே! காவலரே, தாங்கள் எங்குற்றீர்?" ஒரு ஆள் சிரிக்கவில்லை. பத்து நிமிஷம் ஒரு ஆள் சிரிக்கவில்லை. பின்வரிசையில் கொட்டாவி கேட்டது, மைக்கையும் தாண்டிக் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் பேசி ஒருத்தர்கூடச் சிரிக்காமல் இருந்ததே இல்லை.

அப்போது காவல்காரன் திரையில் வந்து சுவரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான். சத்தியமாக அக்கா, அவனேதான் செருமினான். நான் என்ன செய்வேன்? பேப்பரைக் கீழே போட்டேன்.

"க்ஹும். விஷயம் என்னன்னா, பத்தொன்பது வருஷமா நான் இதைப் பாத்துக்கிட்டு இருக்கேன். இது ஒரு தடவகூட என்னைப் பாக்கல. எடுத்தா என்ன? யாரு வந்து புடிக்கப்போறா? நான்தானே காவல்!"

கூரை பறந்தது. விசில், கைத்தட்டு. முன்வரிசைக் குழந்தைகள் "வைரக்கண்ணு! வைரக்கண்ணு!" என்று கத்தினார்கள். அதற்கப்புறம் நாற்பத்திரண்டு பக்கமும் அம்பேல். திருடன் பெண்டாட்டிக்கு மாமாவின் பெண்டாட்டி தனபாக்கியம் அத்தை குரல். "குந்துறியா இல்லியா? முதுவுல என்னய்யா பலகையா கட்டியிருக்க?" போலீஸ்காரனுக்கு எங்கள் பி.டி. சார். முதலாளிக்கு, வேறு யார், தியோடர் சார்தான். சார் முதல் வரிசையில் இருந்தார். சிரித்தார். பல் தெரியாமல் சிரித்தார். அவர் வீட்டம்மாதான் கண்ணில் தண்ணி வர வர, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வைரக்கண்ணு மாமா மூன்றாவது வரிசை. அத்தையோடு வந்திருந்தார். கோபப்பட்டாரா என்று கேளுங்கள். எழுந்து நின்று சுற்றி எல்லோருக்கும் ஒரு சல்யூட் அடித்தார். படம் முடிந்து என்னிடம் வந்து, "பாப்பா, அவன் செருமுனப்ப நான்தான் செருமிட்டேனோன்னு பயந்து வாயைப் பொத்திக்கிட்டேன்" என்றார். அதுதான் நல்ல மனுஷன். அப்போதெல்லாம்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல் போட்டோம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். யாரோ அந்த வசனத்தைப் போனில் பதிவு செய்துவிட்டார்கள், வெறும் குரல் மட்டும், படம் இல்லாமல். அது வாட்ஸ்அப்பில் சுற்றியது. டீக்கடையில் மாமா போய் நின்றால் "நான்தானே காவல்!" என்பார்கள். அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்வார். நாய்க்காரம்மா வீட்டுக்குக் கூட்டம் வந்தது. தட்டு பார்க்க இல்லை, அவரைப் பார்க்க. மாமா என்னிடம் வந்து, "பாப்பா, அதை என் போன்ல ரிங்டோனா வெச்சுக் குடேன்" என்று போனைக் கொடுத்தார். வைத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள் இப்போதைக்கு.

இது எந்த ஊர்? திருக்கடையூரா? மாலையும் கழுத்துமாக ஏறுகிறார்களே, அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டவர்கள். தாத்தாவுக்கு வெட்கத்தைப் பாருங்கள். அப்படியே கொஞ்சம் நகருங்கள் அக்கா, அந்தப் பாட்டி உட்காரட்டும். சரி. எங்கே விட்டேன்?

பிப்ரவரி கடைசியில் மெட்டே அம்மா வந்தார்கள். அவர்களும் டென்மார்க்தான், பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது வேலை. நாய்க்காரம்மாவைக் கீழே இறக்கி, பூதக்கண்ணாடி வைத்து, விளக்கு வைத்து, பஞ்சால் ஒரு ஓரத்தைத் தொட்டுத் தொட்டு ரெண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் தியோடர் சாரைக் கூப்பிட்டு, "மிஸ்டர் தியோடர், ஐ ஆம் சாரி. திஸ் இஸ் எ காப்பி" என்றார்கள். யாரோ பார்த்து வரைந்த நகல். அசல் இல்லை.

அசல் எங்கே?

ஊருக்கே ஒரே சமயத்தில் ஒரே குரல்தான் காதில் கேட்டிருக்கும். எடுத்தா என்ன? யாரு வந்து புடிக்கப்போறா?

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. படத்தில் வந்த மாதிரியே இருக்கிறதே என்று. போலீஸ் வந்தபோதுகூடச் சிரிப்புத்தான். மாமாவை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அடிக்கவில்லை. ரெண்டு நாள் உட்காரவைத்தார்கள். எஸ்.ஐ. அந்த வாட்ஸ்அப்பைப் போட்டுக் காட்டி, "யோவ், இது உன் குரலா இல்லையா?" என்றாராம். மாமா, "என் குரல் மாதிரிதான் சார் இருக்கு. ஆனா நான் பேசல" என்றாராம். ஸ்டேஷனே சிரித்திருக்கிறது. தனபாக்கியம் அத்தை சொன்னார்கள். அத்தை சிரிக்கவில்லை. "ஏண்டி பாப்பா, நீ வந்து ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று கேட்டார்கள். நான் போனேன் அக்கா, போகாமல் இல்லை. எஸ்.ஐ. முன்னால் நின்று அதே வசனத்தைச் சொன்னேன். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் ரைட்டரைக் கூப்பிட்டு அவர் முன்னாலும் ஒரு தடவை. அப்புறம் "என்னை மாதிரி பேசு பாப்போம்" என்றார். பேசினேன். "சரியான வாலு. போ, போய்ப் படி" என்று அனுப்பிவிட்டார். வாட்ஸ்அப் குரல் என்னுடையது என்று அன்றைக்கே முடிந்துவிட்டது. நான் போய்த்தான் முடிந்தது.

அப்புறம் மார்ச்சில் மெட்டே அம்மாவிடமிருந்து கடிதம். அவர்கள் ஊர்ப் பழைய காகிதங்களைத் தேடியிருக்கிறார்கள். இங்கே அனுப்பியதே நகல்தானாம். நூறு வருஷத்துக்கு முன்னால் அனுப்பும்போதே நகல். அசல் அங்கேயே ஒரு வீட்டில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. யாரும் எதையும் திருடவே இல்லை! இங்கே எல்லோரையும் பார்த்த நாய் அசல் நாயே இல்லை. போலீஸ் கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆனால் தியோடர் சார் மாமாவை வேலையில் வைத்துக்கொள்ளவில்லை. "திருடவில்லை, மெய்தான். ஆயினும் திருட நினைத்தான். நினைத்ததை அவன் வாயாலேயே எனக்குச் சொன்னான். அப்படிப்பட்டவன் கையில் நான் சாவியைக் கொடுப்பது எங்ஙனம்?" என்றார்.

அவன் வாயாலேயே என்றால், போனில்.

ஒரு போன் கால் உண்டு அக்கா.

ரிங்டோன் வைக்கக் கொடுத்தார் இல்லையா, அப்போது போன் என் கையில் இருந்தது. அவர் வாசலில் நாலு பேருக்கு நாய்க்காரம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்கட்டுக் கிணற்றடியில். சும்மாதான். ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. தியோடர் சார் நம்பரைப் போட்டேன்.

"க்ஹும். சார், விஷயம் என்னன்னா, நாளைக்கு நாய் உங்களைப் பாக்காது."

"வைரக்கண்ணு? என்ன உளறுகிறாய்? குடித்திருக்கிறாயா?"

"இல்ல சார். பத்தொன்பது வருஷமா சும்மா உக்காந்திருக்கேன். ஒருநாள் அம்மாவையும் நாயையும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிப் பாத்தா என்னன்னு தோணுது சார். நான்தானே காவல்."

வைத்துவிட்டேன். கிணற்றுச் சுவரில் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் புத்திசாலித்தனமாக அந்தக் கால் போன பதிவை அவர் போனிலிருந்து அழித்துவிட்டேன், அவருக்குத் தெரியக்கூடாது என்று. சார் மறுநாள் மாமாவைக் கூப்பிட்டுக் கத்துவார், மாமா முழிப்பார், நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்று நினைத்தேன். சார் ஒன்றுமே கேட்கவில்லை. குடித்திருப்பான் என்று விட்டுவிட்டார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன்.

மெட்டே அம்மா "காப்பி" என்று சொன்ன அன்றைக்குச் சாருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

எஸ்.ஐ.யும் இதைத்தான் பிடித்துக்கொண்டார். "சார் போன்ல உன் நம்பர் இருக்கு. உன் போன்ல அந்தக் கால் இல்ல. எதுக்குய்யா அழிச்ச?" அழிக்க மாமாவுக்குத் தெரியவே தெரியாது அக்கா, ரிங்டோனே வைக்கத் தெரியாத ஆள்!

இல்லை, நான் ஸ்டேஷனுக்குப் போனபோது இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

சார் கேட்டார். ஒரு தடவை. அது உண்மை. கடிதம் வந்த மறுநாள், நாய்க்காரம்மா வீட்டு முன்னறை. மாமா சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்துவிட்டு நிற்கிறார். சார் கையில் இன்னொரு கடிதம், சென்னையில் படம் போடுகிறவர்கள் அனுப்பியது, என்னைக் கூப்பிட்டு. அதைக் கொடுக்கத்தான் என்னை வரச்சொல்லியிருந்தார். கொடுப்பதற்கு முன்னால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கெசியா, அந்தத் தொலைபேசி அழைப்பு உன் வேலை இல்லையே?" என்றார்.

அந்தக் கடிதத்தின் மேல் சிவப்பில் ஒரு கொடி அச்சடித்திருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல சார்" என்றேன். என் வகுப்பில் ஏஞ்சலின் என்று ஒரு பெண், எல்லாவற்றிலும் முதல் மார்க், பொய்யே சொல்லாதவள். அவள் குரலில் சொன்னேன். தன்னால் வந்தது.

சார் மாமாவைப் பார்த்து, "கேட்டாயா? நீ பேசவில்லை என்று இனியும் சாதிக்காதே. அழைப்பு உன் கைபேசியிலிருந்து வந்தது" என்றார். மாமா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அப்போதே தயாராக இருந்தேன். போன் பாப்பாகிட்டதான் சார் இருந்துச்சு என்று சொல்வார், நான் என்ன சொல்லித் தப்பிப்பது என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவே இல்லை. "சரி சார்" என்றார். செருமக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு ஞாபகமில்லை போலிருக்கிறது, வயசாகிறது இல்லையா, யாரிடம் போனைக் கொடுத்தோம் என்று. என் நல்ல நேரம்.

இப்போது செம்பனார்கோயிலுக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார். ரோட்டு மேலேயே இருக்கிறது, மஞ்சள் கட்டடம், நாம் அதைத் தாண்டித்தான் போவோம். போன வாரம் அங்கே எங்கள் சொந்தக்காரர் கல்யாணம். கேட்டில் நிற்கிறார், காக்கிச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய விசில். நான் ஓடிப்போய், "மாமா! எப்படி இருக்கீங்க? நான் சென்னை போறேன் மாமா, பெரிய அரங்கம், உங்க குரலுக்குத்தான் முதல் கைத்தட்டு!" என்றேன். ஒரு ஆள் என்ன சொல்வான்? வாழ்த்துவான், இல்லை திட்டுவான். அவர் விசிலை வாயில் வைத்து ஊதினார். ஒரு கையை வீசி, ஓரமாகப் போ என்று காட்டினார். காருக்குக் காட்டுவது மாதிரி. நான் என்ன காரா?

அரை மணி நேரம் அங்கேயே நின்று பார்த்தேன். யாரிடமும் பேசவில்லை. வண்டிக்கு விசில், ஆளுக்கு விசில். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் வந்து வழி கேட்டார், மாமா வாயைத் திறந்தார். "நேராப் போங்க." அவ்வளவுதான். க்ஹும் இல்லை. விஷயம் என்னன்னா இல்லை. அது அவர் குரலே இல்லை அக்கா, யாரோ ஒருத்தர் குரல், தட்டையாக, கஞ்சி போடாத வேட்டி மாதிரி. வாயைத் திறந்தால் எல்லோரும் "நான்தானே காவல்" என்று சிரிக்கிறார்களாம். அதனால் மாற்றிக்கொண்டுவிட்டார் என்று அத்தை சொன்னார்கள். வீட்டிலும் இப்படித்தானாம். அந்தப் பழைய குரல் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் நான்தான் பேசிக் காட்ட வேண்டும்.

சொல்லுங்கள், யார் மேல் தப்பு? நான் ஒரு பொருளைத் தொட்டேனா? எதையாவது எடுத்தேனா?

சொல்லத்தான் போகிறேன். சாரிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறேன். சென்னை முடியட்டும். இப்போது சொன்னால் சார் என்னை ரயிலில் ஏற்றுவாரா? நாளைக்கு ஒரு நாள். அப்புறம் சொல்லிவிடுவேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடும்? ஏற்கனவே ஆறு வாரம் ஆகிவிட்டது.

என்ன? என்ன கேட்டீர்கள்?

இல்லை அக்கா, அவருக்கு ஞாபகம் இருந்திருக்காது. இருந்திருந்தால் சொல்லியிருப்பாரே. வேலை போகிறது, ஸ்டேஷனில் ரெண்டு நாள் உட்கார்ந்தாயிற்று, ஞாபகம் இருந்தும் யாராவது சொல்லாமல் இருப்பார்களா? எதற்கு இருக்க வேண்டும்?

எதற்கு...

பாருங்கள், ஆக்கூர் போர்டு. ஆக்கூர் வந்துவிட்டது. இறங்குகிறவர்கள் இறங்குகிறார்கள். நம் கண்டக்டர் இன்னும் முறைக்கிறார். ஹஹ். இப்போது ஊதினால் நன்றாக இருக்கும்.

அவர் கையால் கொடுத்த போன் அக்கா. "பாப்பா, கீழ போட்டுடாத" என்று சொல்லிக் கொடுத்தார். அப்புறம் நான் திருப்பிக் கொடுத்தபோது அடித்துப் பார்த்து, நாலு பேருக்கும் கேட்கவைத்து, என் தலையில் கைவைத்து ஆட்டினார். எப்படி மறந்திருப்பார்? சாவியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாரே, அது யோசிக்கிற பார்வை இல்லை. தெரிந்த பார்வை. தெரிந்துதான் பார்த்தார். சார் கையில் கடிதம் இருந்ததையும் பார்த்தார்.

எனக்காகவா?

நான் கேட்டேனா? நான் அவரிடம் கேட்கவே இல்லையே. யார் சொன்னார்கள் அவரை வாயை மூடிக்கொண்டு இருக்கச்சொல்லி?

அக்கா, உங்கள் போனைக் கொஞ்சம் தருகிறீர்களா? எங்கள் அம்மா எனக்குப் போன் தருவதில்லை, காரணம் உங்களுக்கே புரிந்திருக்கும். சார் நம்பர் மனப்பாடம். ஒரு நிமிஷம்தான். இப்போதே சொல்லிவிடுகிறேன். ரயிலில் ஏற்றினால் ஏற்றட்டும், இல்லாவிட்டால் போகட்டும். மணி அடிக்கிறது. எடுத்துவிட்டார்.

க்ஹும். சார்...

சார்? ஹலோ? சார், நான்... ஹலோ?

வைத்துவிட்டார்.

ஐயோ. அக்கா, நான் வேண்டுமென்று செய்யவில்லை. பயந்தால் வரும் என்று சொன்னேனே, அது வந்துவிட்டது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "வைரக்கண்ணு, வேறொரு எண்ணிலிருந்தும் தொடங்கிவிட்டாயா? இனி காவல் நிலையத்தில்தான் உனக்குப் பதில்." வைத்துவிட்டார். திரும்ப அடிக்கிறேன்... எடுக்கவில்லை. எடுக்கவே மாட்டார். சார் கணக்கில் இப்போது ரெண்டு கால் ஆகிவிட்டது. மாமா ரெண்டாவது தடவையும் பேசியிருக்கிறார். போலீஸ் திரும்பவும் வரும். திரும்பவும் பெஞ்ச். அவர் திரும்பவும் "சரி சார்" என்பார். தெரிந்தே சொல்வார்.

இந்தாருங்கள் உங்கள் போன். சார் அதில் திரும்பக் கூப்பிட்டால் எடுங்கள் அக்கா. இந்தப் போனிலிருந்து பேசியது கெசியா, ரெண்டு தடவையும் கெசியாதான் என்று சொல்லுங்கள். உங்கள் குரலில் சொல்லுங்கள். நான் சொன்னால் எது யாருடைய குரல் என்று அவருக்குச் சந்தேகம் வரும்.

மூன்று மணி ரயில். மணி என்ன, ஒன்றே முக்காலா? போகட்டும். அந்தச் சிவப்புப் பை என்னுடையதுதான், அதைக் கொஞ்சம் எடுங்கள். அதோ அந்த மஞ்சள் கட்டடம் தெரிகிறதே, வாழைமரம் கட்டியிருக்கிறதே, அதுதான். முதலில் அவரிடம் சொல்கிறேன். அப்புறம் அவர் பக்கத்தில் நின்று சாரிடம் சொல்கிறேன். ரெண்டு பேரையும் ஒரே சமயத்தில் பார்த்தால் சார் நம்பித்தானே ஆகவேண்டும்?

இங்கே ஸ்டாப் கிடையாதா? தெரியும் அக்கா. ஒரு விசில் போதும், இருங்கள்.

ப்ஃப்...

வரவில்லை. உதடு காய்ந்துவிட்டது. காற்றுதான் வருகிறது. வந்தாலும் விசிலுக்கு நிறுத்த மாட்டாரே. கண்டக்டர் குரலில் "ஹோல்டேன்" என்று சொன்னால் நிற்கும், மூக்கை அடைத்து... தாண்டுகிறோம் அக்கா, அதோ கேட்டில் நிற்கிறார், காக்கிச் சட்டை, தாண்டுகிறோம்...

அண்ணே! நிறுத்துங்கண்ணே! நிறுத்தச் சொல்லுங்க! இங்கதான், இங்கதான் எறங்கணும்! யாருன்னா கேக்குறீங்க? நான்தாண்ணே! இந்தப் பக்கம், சிவப்புப் பை! விசில் ஊதுனதும் நான்தான்! நிறுத்துங்க!